கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, டி டிரைவ் மறைந்து மறைந்து வருகிறது: எதை மாற்றுவது?

கேள்வி

நண்பர்களே, மூன்று வாரமாக இந்தக் கணினியோடு மல்லுக்கட்டுகிறேன், தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள். ஏழு வருடம் ஆன டெஸ்க்டாப். விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், அதுதான் சி டிரைவ். டி டிரைவ் பழைய 2 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தருகிற பெட்டி) 450 வாட், வாங்கியபோது வந்ததுதான். போன வருடம் ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்த்தேன்.

நடப்பது இதுதான். வீடியோ எடிட் செய்யும்போது திடீரென்று திரை கறுத்து, நீலத்திரை எதுவும் வராமல், தானாக மறுபடி ஆன் ஆகிறது. சில நேரம் கணினி ஓடிக்கொண்டே இருக்கும், டி டிரைவ் மட்டும் காணாமல் போகும். அப்போது உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், அப்புறம் மோட்டார் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கிற ஓசை, அரை நிமிடத்தில் டிரைவ் திரும்பி வந்துவிடும். போதாததற்குத் தினமும் காலையில் தேதியும் நேரமும் தப்பாகக் காட்டுகிறது, அதனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று வரிசையாக இருக்கிறது. டி டிரைவில் அப்பா பேசிய பழைய கேசட்டுகளை மாற்றி வைத்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை. வேறு எங்கும் நகல் இல்லை.

பதில் 1

விண்டோஸ் கெட்டிருக்கும். டி டிரைவில் செக்டிஸ்க் (டிஸ்க் பிழையைத் தேடித் திருத்துகிற விண்டோஸ் கருவி) ஓட்டுங்கள், சரியாகவில்லை என்றால் ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போடுங்கள்.

பதில் 2

தயவுசெய்து செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். சந்தேகமான டிஸ்க்கில் அது கோப்பு அட்டவணையைத் திருத்தி எழுத ஆரம்பிக்கும், நடுவில் டிரைவ் மறைந்தால் இருப்பதும் போய்விடும். கணினி ஆன் ஆகும்போது தானாகவே செக்டிஸ்க் கேட்டாலும் ஒரு விசையை அழுத்தித் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் அப்பா குரல். மற்றதெல்லாம் அப்புறம். அந்த டிஸ்க்கைக் கழற்றி, தனி பவர் அடாப்டர் உள்ள யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கிற தாங்கி) வைத்து வேறொரு கணினியில் செருகி நகலெடுங்கள். அடாப்டர் கட்டாயம், ஏனென்றால் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், சாதாரண யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். கேசட் கோப்புறை முதலில், புகைப்படங்கள் அடுத்து, சினிமா பாட்டு எல்லாம் கடைசியில். நகலெடுக்கும்போது அந்த "டிக்" சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், அது எனக்குத் தெரிய வேண்டும்.

கர்னல் பவர் 41 என்பது காரணம் அல்ல. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றுபோயிருக்கிறது என்று அடுத்த முறை ஆன் ஆனபிறகு விண்டோஸ் எழுதிவைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு டிரைவரைத் தேடி அலைய வேண்டாம்.

பதில் 3

ரேமையும் பார்த்துவிடுங்கள். எனக்கு இப்படி ஆனபோது ஒரு ரேம்தான் காரணம். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். சிபியு சூட்டையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். நண்பர் ஒருவரிடம் டாக் வாங்கி வேறு கணினியில் வைத்தேன், ஐந்து மணி நேரம் ஓடியது, 1.3 டிபியும் வந்துவிட்டது. ஒரு கோப்புகூட விடுபடவில்லை, "டிக்" ஒருமுறைகூட வரவில்லை. கேசட் கோப்புறையை இன்னொரு பென் டிரைவிலும் போட்டுவிட்டேன். முதல் கோப்பைத் திறந்து அவர் குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

மெம்டெஸ்ட் நான்கு சுற்று ஓடியது, பிழை இல்லை. சூடு சும்மா இருக்கும்போது 38, வேலை செய்யும்போது 71 டிகிரி.

டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன்: 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். சி7 இரண்டு. 0சி என்ற வரியில் மட்டும் ஏ3எஃப் என்று ஏதோ எழுத்தெல்லாம் இருக்கிறது, டிஸ்க் போய்விட்டதா?

பதில் 2

போகவில்லை. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்) காட்டும், அதனால்தான் எழுத்து வருகிறது. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றலாம். ஏ3எஃப் என்றால் 2623. அது டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் வந்தது என்ற கணக்கு, ஏழு வருடத்துக்கு அது சாதாரணம்.

05 என்பது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதுகிற சிறு பகுதிகள்), சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யம், டாக்கில் ஐந்து மணி நேரம் சத்தமில்லாமல் ஓடியும் இருக்கிறது. சி7 டேட்டா கேபிளில் வருகிற பிழை, ஏழு வருடத்தில் இரண்டு என்பது பொருட்டே இல்லை. உங்கள் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது டிஸ்க்கைத் திரும்ப உள்ளே மாட்டி, காலையில் ஆன் செய்ததும் அந்த 0சி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்க ஷட்டவுன் செய்யாமல் வழக்கமான வேலையைப் பாருங்கள். மாலையில் மறுபடி பாருங்கள்.

கேட்டவர்

காலை 2627. மாலை 2632. நான் ஷட்டவுன் செய்யவே இல்லை, தானாக ரீஸ்டார்ட்டும் ஆகவில்லை! டி டிரைவ் மறைந்தது என் கண்ணில் பட்டது மூன்று முறை.

பதில் 2

அப்படியென்றால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்கு மட்டும் ஐந்து முறை மின்சாரம் போய் வந்திருக்கிறது. நீங்கள் கேட்ட "டிக்" அதன் தகட்டைப் படிக்கிற தலை அவசரமாக ஒதுங்குகிற சத்தம்.

சி டிரைவ் ஏன் மறையவில்லை என்று யோசியுங்கள். உங்கள் எஸ்எஸ்டி சாட்டா வகை (ஹார்டு டிஸ்க் போலவே கேபிளில் மாட்டுவது) என்றால் அது 5 வோல்ட்டில் ஓடுவது. ஹார்டு டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் அதே 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. வேலை கூடும்போது 12 வோல்ட் சரிந்தால் முதலில் டிஸ்க் தள்ளாடும், இன்னும் சரிந்தால் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குத் தருகிற பவர் குட் சிக்னல் நின்றுவிடும், போர்டு உடனே ரீசெட் ஆகும். நீலத்திரை காட்ட விண்டோஸுக்கு நேரமே கிடைக்காது. உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

உறுதி செய்ய இரண்டு வேலை. ஒன்று, டிஸ்க்கை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற வேறொரு பவர் ஒயரில் மாட்டிப் பாருங்கள், கனெக்டர் தளர்ந்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். இரண்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சும்மா இருக்கிற நான்கு முள் மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்பு ஒயருக்குக் கறுப்பு முனை, மஞ்சள் ஒயருக்குச் சிவப்பு முனை. இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒருமுறை, வீடியோ எடிட் ஓடும்போது ஒருமுறை அளந்து சொல்லுங்கள். பயோஸில் (விண்டோஸுக்கு முன் வருகிற அமைப்புத் திரை) காட்டுகிற வோல்ட்டை நம்ப வேண்டாம்.

கேட்டவர்

வேறு ஒயரில் மாட்டியும் அதே கதைதான். மீட்டரில் சும்மா இருக்கும்போது 11.83. எடிட் ஓட ஆரம்பித்ததும் 11.5, 11.3 என்று இறங்கி 11.12 வந்தபோது "டிக்" கேட்டது. என் கண் முன்னாலேயே நடந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றலாமா? கொஞ்சம் சால்டரிங் தெரியும்.

பதில் 2

வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கொஞ்சம் சால்டரிங் தெரிந்தவர் கை வைக்கிற இடம் இல்லை அது. புதிது வாங்குங்கள். கார்டு எத்தனை வாட் என்று பார்த்து, சிபியுவையும் சேர்த்துக் கூட்டி, மேலே தாராளமாக இடம் விட்டு எடுங்கள்.

முக்கியமான ஒன்று: புதியது கழற்றி மாட்டும் கேபிள் வகையாக இருந்தால் அதோடு வந்த கேபிள்களை மட்டும் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முள் வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடும். வேறொன்றின் கேபிளை மாட்டினால், பார்க்கப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் எரிந்துவிடலாம். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய டிஸ்க் அது.

பதில் 3

தேதி பிரச்சினை தனி. ராத்திரி சுவரில் ஸ்விட்சை அணைக்கிறீர்களா? அணைத்தால் கடிகாரம் ஓடுவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியில். 3 வோல்ட் இருக்க வேண்டும், அளந்து பாருங்கள்.

கேட்டவர்

ஆமாம், தினமும் அணைப்பேன். பேட்டரியில் 2.3தான் இருந்தது. அதையும் மாற்றிவிட்டேன்.

புதிய எஸ்எம்பிஎஸ் 650 வாட், போட்டு ஒன்பது நாள் ஆகிறது. எடிட் ஓடும்போது 12.04, அசையவே இல்லை. 41 ஒன்றுகூட வரவில்லை. ஆன் செய்கிற ஒவ்வொரு நாளும் 0சி ஒன்றுதான் ஏறுகிறது. அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அந்தச் செக்டிஸ்க்கை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

கடைசியாக ஒன்று: பழைய எஸ்எம்பிஎஸ்ஸை கிராபிக்ஸ் கார்டு இல்லாத வேறொரு கணினிக்குப் போடலாமா?

பதில் 2

வேண்டாம், வேலை கூடியதும் 11.12 வரை சரிந்த எஸ்எம்பிஎஸ் அது, இனி நம்ப முடியாது. மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒயரை வெட்டிக் கொடுத்தால் வேறு யாரும் எடுத்து மாட்டமாட்டார்கள்.