சிரிக்க வைக்கிறவர்களிடம் கதை எழுதுகிறவர்கள் என்ன கற்றுக்கொள்ளலாம்?

கேள்வி:
ஒரு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். முக்கியமான இடத்தில் படிக்கிறவர்கள் அசையவே மாட்டேன் என்கிறார்கள். மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லும் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களோ ஒரே வரியில் அரங்கைக் கைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் எழுதுவது நகைச்சுவை இல்லை, ஆனாலும் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? என் வரி ஒன்று: "அப்பா அனுப்பிய கடிதம் தன் தம்பியின் பெயருக்கு வந்திருப்பதைப் பார்த்து அவன் மனம் உடைந்துபோனான்."

பதில் 1:
இந்த வரியிலேயே விடை இருக்கிறது. சிரிப்பை வெடிக்க வைக்கும் சொல்லை அவர்கள் கடைசியில்தான் வைப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு சொல் வந்தாலும் சிரிப்பு அமுங்கிவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்வதால் நம் அதிர்ச்சி பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் வரியில் 'தம்பி' நடுவில் கிடக்கிறான். இப்படிப் பாருங்கள்: "அப்பாவிடமிருந்து கடிதம். ஓடிப்போய் வாங்கினான். உறைமேல் இருந்தது தம்பியின் பெயர்." மனம் உடைந்ததைச் சொல்லவே வேண்டாம், அது படிக்கிறவர் வேலை.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அது முதல் தடவையிலேயே வந்துவிடாது. அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் பாப்-டார்ட் என்ற தின்பண்டத்தைப் பற்றிய ஒரே ஒரு ஜோக்கை இரண்டு வருடம் செதுக்கினார். அவருக்கு முந்தைய தலைமுறை நகைச்சுவைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர் தன் ஜோக்குகளை அட்டைகளில் எழுதி இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார், 50,000-க்கும் மேல், இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாம் ஒரு கதையை இரண்டு தடவை திருத்திவிட்டு அனுப்பிவிடுகிறோம்!

பதில் 3:
ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். வரி எடுபட்டதா என்று மேடையில் இருப்பவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும், நமக்குத் தெரியாது. அதனால் நான் கதையை யாராவது ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, எந்த வரியில் கை போனை நோக்கிப் போகிறது என்று பார்ப்பேன். அந்த வரி போய்விடும். அப்புறம், எல்லா வாக்கியத்தையும் வெடி மாதிரி முடிக்காதீர்கள், பத்தி முழுக்க அப்படியே போனால் படிக்கிறவர் அடுத்த அடிக்குத் தயாராகிவிடுவார்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அக்காவிடம் புதிய வரியைப் படித்துக் காட்டினேன். 'தம்பியின் பெயர்' என்றதும் "ஐயோ" என்றாள். அதற்குக் கீழே நான் எழுதியிருந்த ஆறு வரிகளையும் அடித்துவிட்டேன்.