ஒரு மாசம் ஓடுது, அடுத்த மாசம் படுத்துடுது. தனியா தொழில் பண்றவங்க எப்படி விடாம செய்றீங்க?

சோப்புக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்லயே கையால சோப்பு செஞ்சு வித்துட்டு இருக்கேன், ரெண்டு வருஷம் ஆகப்போகுது. சோப்பு நல்லாதான் இருக்கு, ஒரு தடவை வாங்குனவங்க தேடி வந்து திரும்ப வாங்குறாங்க. ஆனா என்னால ஒரே சீரா செய்ய முடியல. ஒரு மாசம் ராத்திரி பகல் பாக்காம பேட்ச் பேட்ச்சா போடுவேன், தினமும் ஸ்டேட்டஸ் வைப்பேன், கணக்கு எழுதுவேன். ஆர்டர் குவிஞ்ச உடனே பேக்கிங், கூரியர், போன்னு அதுலயே நாள் போயிடும், சோப்பு போடுறதே நின்னுடும். இது தெரிஞ்சவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, கோல்ட் ப்ராசஸ்ல, அதாவது அடுப்புல வச்சு காய்ச்சாம செய்ற சோப்பை அச்சுல இருந்து எடுத்து வெட்டுன பிறகு 4ல இருந்து 6 வாரம் காத்தாட வைக்கணும், அப்பதான் தண்ணி வத்தி கெட்டியாகும். அதனால இன்னைக்கு நான் விட்டது இன்னைக்குத் தெரியாது, ஒன்றரை மாசம் கழிச்சு ரேக் காலியா நிக்கும்போதுதான் தெரியும். கேக்குற கஸ்டமருக்கு இல்லன்னு சொல்லவே கஷ்டமா இருக்கு. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு எங்கயோ படிச்சு மூணு தடவை முயற்சி பண்ணிட்டேன், 9வது நாள் 12வது நாள்னு விட்டுப்போய் மனசு உடைஞ்சதுதான் மிச்சம். நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

தையல்மெஷின்:
சிஸ், நான் 14 வருஷமா தைக்கிறேன், தனி ஆள்தான். எனக்கும் இதே நிலைமை இருந்துச்சு, எனக்கு கை கொடுத்தது ஒரே ஒரு விஷயம். ராத்திரி மெஷினை மூடுறதுக்கு முன்னாடி மறுநாள் தைக்கப்போற முதல் துணியை வெட்டி, பாபின் சுத்தி, அந்தக் கலர் நூலையே கோத்து, துணியை ஊசிக்கு அடியில வச்சு ஃபுட்டை இறக்கி விட்டுட்டுதான் லைட்டை அணைப்பேன். காலைல வந்து உக்காந்தா யோசிக்க ஒண்ணுமே இல்ல, மிதிச்சா ஓடும். முன்னாடியெல்லாம் எதை முதல்ல எடுக்கறதுன்னே அரை மணி நேரம் போகும், அதுக்குள்ள ஒரு போன் வந்துடும், அவ்ளோதான் அந்த நாள். நீங்களும் ராத்திரியே எண்ணெய் எல்லாம் எடை போட்டு மூடி வச்சிருங்க, அச்சுல பேப்பர் விரிச்சு வச்சிருங்க. எண்ணெயை சோப்பாக்குற காஸ்டிக் சோடாவை மட்டும் காலைல எடை போடுங்க, அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், அதோட வீட்ல குழந்தைங்க இருந்தா வெளில வைக்கவே கூடாது.

கணக்குநோட்டு:
அந்த 21 நாள் கதையை முதல்ல மனசுல இருந்து தூக்கிப் போடுங்க, அது உங்களை வீணா அழ வச்சிருக்கு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதுனது அது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு தன்னோட புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் போல ஆகுதுன்னு அவர் பாத்ததை எழுதுனார். சொல்லிச் சொல்லி அந்த ‘குறைஞ்சது’ காணாம போயிடுச்சு, அது எல்லா பழக்கத்துக்கும் விதி மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு 12 வாரம் பாத்தாங்க, 2009ல வெளிவந்துச்சு. ஒரு செயல் தானா வர்ற அளவுக்குப் பழக சராசரியா 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போகலாம்னு கணக்கு வந்துச்சு. அதுல எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்தது என்னன்னா நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பழக்கம் கெட்டுடல, மறுநாள் தொடர்ந்தவங்களுக்கு பெருசா வித்தியாசம் இல்ல. நீங்க 9வது நாள் தோத்துட்டதா நினைச்சு நிறுத்துனீங்க பாருங்க, 10வது நாள் எப்பவும் போல செஞ்சிருந்தாலே போதும்.

கணக்கு விஷயத்துல நான் கண்டிப்பா சொல்வேன், மாசக் கடைசில உக்காந்து எழுதாதீங்க. எனக்கு சின்ன ரிப்பேர் கடை இருக்கு, ஒரு வருஷம் பில்லெல்லாம் ஒரு டப்பால போட்டு வச்சு கடைசில பாத்தா பாதி மை அழிஞ்சு வெள்ளைத்தாளா இருக்கு, தெர்மல் பேப்பர்ல வர்ற பில் அப்படித்தான். அந்த வருஷம் எங்க காசு போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப கடையைப் பூட்டுற சாவியை நோட்டு மேலதான் வைப்பேன். சாவியை எடுக்கணும்னா நோட்டைத் தொடணும், தொட்டா அன்னைக்கு வரவு செலவு ரெண்டு வரி எழுதிடுவேன், மூணு நிமிஷம் கூட ஆகாது.

ரேக்நிறைய:
மேல ரெண்டு பேரும் சொன்னது நல்லது, ஆனா சகோதரியோட பிரச்சனை பழக்கம் மட்டும் இல்லன்னு எனக்குத் தோணுது. நானும் சோப்புதான், 7 வருஷம் ஆச்சு. வர்ற ஆர்டரை எல்லாம் வாங்கிட்டு கை ரெண்டையும் பேக்கிங்குக்கு குடுத்துட்டா சோப்பு யார் போடுவா? நான் பண்றது இதுதான். 6 வாரம் காயணும்னா ரேக்ல 6 தட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு பேட்ச், தட்டு ஓரத்துல ஊத்துன தேதி எழுதி ஒட்டியிருப்பேன். ஒவ்வொரு வாரமும் காஞ்ச தட்டு ஒண்ணு இறங்கும், அதே இடத்துல புதுசு ஏறும். ஆர்டர் அலைமோதுனாலும் ரெண்டு போட மாட்டேன், ஆர்டரே இல்லாட்டியும் ஒண்ணு போடாம விட மாட்டேன். இறங்குன தட்டுல எத்தனை கட்டி இருக்கோ அந்த வாரம் விற்பனை அவ்ளோதான், மீதி பேருக்கு அடுத்த தட்டு இறங்குற தேதியைச் சொல்லிடுவேன். முதல்ல பயந்தேன், ஆள் போயிடுவாங்களோன்னு. தேதி சொன்னா பெரும்பாலும் காத்திருக்காங்க, இல்லன்னு மட்டும் சொன்னாதான் போயிடறாங்க. ஒரு வாரம் தவறினா அந்தத் தட்டு காலியா என்னையே பாத்துட்டு நிக்கும், எந்த ஆப்பும் அந்த அளவுக்கு எனக்கு ஞாபகப்படுத்துனதில்ல.

சோப்புக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு, இவ்ளோ நாள் எனக்கு மட்டும்தான் மன உறுதி இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேன். தட்டுக்கு தேதி ஒட்டுறதை இன்னைக்கே ஆரம்பிக்கிறேன், எண்ணெயும் எடை போட்டு வச்சாச்சு. ஒரு சந்தேகம், காய்ச்சல் வந்து படுத்துட்டா அந்த வார பேட்ச்சை அடுத்த வாரம் சேர்த்துப் போடலாமா?

ரேக்நிறைய:
வேணாம்மா, சேர்த்துப் போடாதீங்க. ரெண்டு பேட்ச் இழுத்துப் போட்டுட்டு அலுத்துப்போய் அதுக்கடுத்த வாரம் விட்டுடுவோம், நான் அப்படித்தான் பலதடவை விட்டேன். அந்தத் தட்டு காலியாவே இருக்கட்டும், காலித் தட்டுலயும் தேதி எழுதி ஒட்டிடுங்க. 6 வாரம் கழிச்சு அந்த வாரம் சரக்கு இருக்காதுன்னு இப்பவே தெரியும், கஸ்டமருக்கு முன்கூட்டியே சொல்லிக்கலாம். உடம்பைப் பாத்துக்கோங்க, காய்ச்சலோட காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க.