கோழி புடிக்க வந்தவங்க: பெகு பக்கத்துலேந்து

எங்க வீடு பர்மாவுல, ரங்கூன்லேந்து பெகு போற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி. பின்னாடி கொல்லை, வாழை, பப்பாளி, அதுக்கப்புறம் நெல் வயல். நாட்டுக்கோழி தான், காலைல தொறந்து விட்டா நாள் பூரா மேஞ்சிட்டு பொழுது சாய அதுகளே வந்து அடைஞ்சிரும். அப்பா கட்டுன கூடு 2008 நர்கிஸ் புயல்ல கூரையோட போயிருச்சு, அப்புறம் மூங்கில் பிளாச்சும், இங்க 'தனி'ன்னு சொல்ற நிப்பா பனை ஓலையும் வச்சு மூணு வாட்டி மாத்திக் கட்டியாச்சு.

போன வருசம் ஒரு நாள் காலைல கூட்டத் தொறந்தா ஆறு கோழி செத்துக் கெடக்கு. ஒண்ணு மட்டும் பாதி தின்னுருக்கு, மத்ததெல்லாம் கழுத்துல கடி, அவ்வளவு தான், சும்மா கொன்னு போட்டுருக்கு. எனக்கு உடனே பக்கத்து வீட்டு நாய் மேல தான் சந்தேகம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அந்த வீட்டு பர்மாக்கார ஊலேகிட்ட (ஊலேன்னா மாமா) வாய்க்கு வந்தத கத்திட்டேன். அவரு திருப்பி ஒரு வார்த்தை பேசல. ஏணிய எடுத்துட்டு வந்தாரு, கூரை மேல ஏறிப் பாருன்னாரு. ஏறுனா, முகட்டுக்குப் பக்கத்துல ஓலை ரெண்டா விலகியிருக்கு, அங்கயே எச்சம் போட்டு வச்சிருக்கு, அதுல பூரா பப்பாளி விதை. "கோழி புடிக்கிற நாய் கூரைல ஏறி பப்பாளி விதையா போடும்?"ன்னு கீழேந்து கேக்குறாரு. எனக்கு எறங்கவே வெக்கமா போச்சு.

மரநாய் தான். ராத்திரில மட்டும் வரும், பழமும் திங்கும் கோழியும் திங்கும், மரத்துலேந்து கூரைக்கு தாவி எறங்கும். அது வந்துட்டுப் போன எடத்துல ரம்பை இலை போட்டு சோறு வடிச்ச மாதிரி ஒரு வாசம் இருக்கும். அத மொதல்லயே மோந்திருந்தேன், அம்மா அடுப்புல ஏதோ வச்சிருக்குன்னு நெனச்சேன்!

கடைல கோழிவலைன்னு விக்கிற அந்த ஆறுமூலை ஓட்ட கம்பிவலைய வாங்காதீங்க. அது கோழிய உள்ள வைக்க தான், வர்றத தடுக்க இல்ல, பல்லால இழுத்தா பிரிஞ்சிரும். நான் அரை இஞ்ச் வெல்டு கம்பிவலை வாங்கி கூரைக்கு அடில அடிச்சேன், சுவத்துக்கும் அடிச்சேன், தரையில வெளிப்பக்கமா ஒரு அடி மடக்கி மண்ணப் போட்டு மூடுனேன், தோண்டுறது வந்து வலைல தான் முட்டும். கூரைக்கு மேல தொங்குன மாங்கெளைய வெட்டுனேன். அதுக்கப்புறம் மரநாய் வரல.

ஆனா கதவுக்கு அடில ஒரு நாலு வெரல் சந்து விட்டுட்டேன். ஆடி மாசம் வயல்ல தண்ணி ஏறுனப்ப அது வழியா மலைப்பாம்பு வந்துருச்சு. உள்ள நொழையும்போது ஒல்லி, அடைகோழிய முழுங்கின ஒடனே வயிறு மாட்டிக்கிச்சு, வெளிய போக முடியல. விடிஞ்சு தொறந்தா மூலைல சுருண்டு கெடக்கு, மத்த கோழியெல்லாம் பரண்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சத்தமே இல்ல. எட்டடி இருக்கும். எங்க தம்பி வெட்டுக்கத்தியோட வந்தான், ஊலே குறுக்க நின்னுட்டாரு. பெகுல பாம்பு மடத்துல ஒரு பெரிய மலைப்பாம்பை மறுபொறப்புன்னு வச்சு கும்புடுறாங்க, அந்த ஊர்க்காரரு வெட்ட விடுவாரா. ரெண்டு பேரு சாக்கோட வந்து புடிச்சாங்க, தூக்கும்போதே முழுங்குன கோழிய கக்கிருச்சு, பிழிஞ்ச துணி மாதிரி நீளமா கெடந்துச்சு. எங்க பாட்டி ரெண்டு நாள் சாப்பிடல. பாம்ப ஓடைக்கு அந்தாண்ட விட்டோம். நீங்களா தனியா புடிக்கப் போகாதீங்க, வெசம் இல்லேன்னாலும் கடி ஆழமா இருக்கும்.

பகல்ல வர்றது வேற. வல்லூறும் பருந்தும் குஞ்சுக்கு தான் வரும். இதுக்கு சேவல் ஒண்ணே போதும் காவலுக்கு. வானத்துல ஏதாச்சும் தெரிஞ்சா கழுத்த சாச்சு ஒத்தக் கண்ணால மேல பாத்துட்டு மெல்லிசா நீளமா ஒரு சத்தம், ஒடனே எல்லாம் வாழைக்கு அடில போயிரும். தரையில நாயோ பாம்போ வந்தா கொக்-கொக்-கொக்குன்னு விடாம கத்தும். கொஞ்ச நாள் கவனிச்சீங்கன்னா வீட்டுக்குள்ள இருந்தே என்ன வந்திருக்குன்னு சொல்லிரலாம். குஞ்சு பொரிச்ச கோழிய மட்டும் மூணு நாலு வாரம் பஞ்சாரத்துல கவுத்து வைங்க, பாவம் பாக்காதீங்க.

உங்களுக்கு என்னல்லாம் வந்துச்சு?

பதில் (மோல்மேன்)
அண்ணே, எங்களுக்கு கீரி. பர்மாக்காரங்க ம்வேபாங்குறாங்க, பாம்பு திங்கும்னு நாங்க சந்தோசமா விட்டுவச்சோம். பட்டப்பகல்ல தண்ணி போற ஓட்ட வழியா வந்து தெனம் ஒரு குஞ்சு. முட்டை காணோம்னா அது பெரும்பாலும் உடும்பு. உடும்பு வீட்டுல ஏறுனா தரித்திரம்னு இங்க எல்லாரும் பயப்படுவாங்க, அதனால யாரும் கிட்ட போறதில்ல, அதுக்கு தான் கொண்டாட்டம். ஓட்டைல கம்பிவலை அடச்சப்புறம் நின்னுச்சு. நாய் வளத்தா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னதக் கேட்டு வளத்தேன், அது முட்டைய திங்க கத்துக்கிச்சு.

பதில் (ரங்கூன்)
லைட்டு போட்டா வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா அண்ணே?

திரும்ப நான்
தம்பி, மொத ரெண்டு நாள் வராது, அப்புறம் லைட்டுல நின்னு நல்லா பாத்து சாப்பிடும். அதுவுமில்லாம நம்ம ஊர்ல கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கு, சோலார் வச்சா தான் உண்டு. அந்தக் காச கம்பிவலைல போடு.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். முனீஸ்வரனுக்கு நேந்துவிட்ட சேவல் போன வாரம் காணோம், நல்லா ரெண்டு வீசை, அதாவது மூணு கிலோவுக்கு மேல தேறும். வலை கிழியல, சந்து இல்ல, ஒரு எறகு கூட விழல. பாட்டி சாமியே எடுத்துக்கிட்டாருன்னு சொல்லுது. நானும் மரநாயா கீரியான்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். கதவு கொண்டிய எடுத்தவங்க திரும்ப ஒழுங்கா மாட்டிட்டுப் போயிருக்காங்க. இப்ப பூட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.