ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் வீடியோ ஃபைலில் படம் ஓடுது, சத்தம் வரலை

குடியாத்தத்துக்காரன்: 2011-ல எங்க ஊர் அம்மன் கோயில் சிரசு திருவிழாவை அப்பா ஹேண்டிகேமில் எடுத்தார். ஆயா கற்பூரம் காட்டுறது அதுல மட்டும்தான் இருக்கு. எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டா பம்பை சத்தமும் இல்ல, ஆயா குரலும் இல்ல. ஆன்லைனில் கன்வெர்ட் பண்ணினேன், படம் மங்கிப் போச்சு. என்ன செய்யலாம்?

காட்பாடி எடிட்டர்: தம்பி, அது ஏவிசிஎச்டிங்கற கேமரா வீடியோ ஃபார்மேட். அதுல படத்தைச் சுருக்கிப் பதியுற முறை எச்.264, ஆடியோவுக்கு பெரும்பாலும் டால்பி ஏசி3. சிக்கல் ஆடியோவில்தான், உங்க சாஃப்ட்வேர் அதைப் படிக்கலை போல. படத்தை மறுபடி என்கோட் பண்ணாதீங்க, அதாவது திரும்பச் சுருக்காதீங்க, அதனாலதான் மங்குது. எஃப்எஃப்எம்பெக்ங்கற இலவச சாஃப்ட்வேரில் படத்தை அப்படியே காப்பி கொடுத்து, ஆடியோவை மட்டும் பிசிஎம் (சுருக்காத ஆடியோ) ஆக்கி, எம்ஓவி ஃபைலா சேமிங்க. படம் துளிகூட மாறாது.

ஆரணி அண்ணன்: கேமரா மெமரி கார்டு ஃபோல்டரை முழுசா பத்திரப்படுத்துங்க. ஒரிஜினலை அழிச்சிடாதீங்க.

குடியாத்தத்துக்காரன்: வந்துடுச்சு அண்ணே! பம்பைக்கு நடுவுல “கேமராவ ஆட்டாதடா”ன்னு ஆயா அப்பாவை அதட்டுறது தெளிவா கேக்குது. அப்பா நாலு தடவை போடச் சொல்லிட்டார்.