மறு: வோக்கல் எஃபெக்ட்ஸ் பிராசஸருக்குத் தமிழ்ச்சொல் – ‘குரலொப்பனைப் பெட்டி’

அனைவருக்கும் வணக்கம்.

வோக்கல் எஃபெக்ட்ஸ் பிராசஸர் என்பது மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைத்து, பாடுபவர் குரலில் எக்கோ போன்றவற்றைச் சேர்க்கும் பெட்டி. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த விவாத இழையில் இதுவரை குரல் விளைவுச் செயலி, குரல்மாற்றி, குரலணி, குரல் பதனி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. காவேரிப்பட்டணம், பாலக்கோடு வட்டாரத்தில் பாரதக் கூத்துகளுக்கு ஒலி அமைப்பவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். இரவு பதினோரு மணிக்கு மேடைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கத்திச் சொல்ல, இந்தப் பக்கம் இருப்பவர் சரியான குமிழைத் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் புரியாத சொல் அகராதியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படப் போவதில்லை.

பெட்டியின் பெயருக்கு வருமுன், உள்ளே இருப்பவற்றின் பெயர்களைப் பார்க்கலாம். உண்மையான தொந்தரவு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் ‘எக்கோ’தான். எக்கோ கொஞ்சம் வை, எக்கோ அதிகமாப் போச்சு, எக்கோவை எடு. இந்த ஒரு சொல்லுக்குள் பெட்டியில் தனித்தனிக் குமிழ்களாக இருக்கும் மூன்று வேலைகள் அடங்கிவிடுகின்றன: சொன்ன சொல் தனியாகத் திரும்பி வருவது (டிலே), ஒலி பிரியாமல் பரவி மெல்ல அடங்குவது (ரிவர்ப்), ஒரே குரல் இரண்டு பேர் பாடுவதுபோலத் தடிப்பது (டபுளிங்). பகலில் பாரதப் பிரசங்கி கதை சொல்லும்போது வார்த்தை கலங்கினால் பெரும்பாலும் காரணம் டிலே. ஆனால் ‘எக்கோவைக் குறை’ என்று சொன்னால், குமிழருகே இருப்பவர் ரிவர்ப்பைக் குறைப்பார். கலக்கம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் வறண்டு போகும். சொல் ஒன்றாக இருப்பதால் கையும் தவறான இடத்துக்குப் போகிறது.

டிலேக்கு ‘எதிரொலி’ என்பதையே வைத்துவிடலாம். ‘தாமதம்’ என்று முன்மொழிந்த சேலத்து நண்பரோடு நான் உடன்படவில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். எதிரொலி என்றால் என்னவென்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் மொட்டைப் பாறை நிற்கிறது. எதிரொலி தனியாகக் கேட்கப் பாறை குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 85 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய அரை வினாடி ஆகும். பெட்டியில் டிலே நேரத்தை 500 மில்லி வினாடி என்று வைப்பது அந்தப் பாறையைக் கொண்டுவந்து திடலில் நிறுத்துவதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டின் நீளமும் அதே 500தான், ஆகவே பாட்டுக்கு அது பொருந்தும். பிரசங்கத்துக்கோ, அரை வினாடி கழித்து வரும் சொல் அடுத்த சொல்லின் தலையில் விழும்.

ரிவர்ப்புக்கு மூன்று சொற்கள் வந்தன. ‘கார்வை’ அழகான சொல்தான். ஆனால் நாகசுரக்காரரிடமும் மத்தளக்காரரிடமும் அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. சுரத்தை நீட்டி நிறுத்துவதையும், தட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியையும் அவர்கள் கார்வை என்பார்கள். ‘கார்வையைக் குறை’ என்று நான் சொன்னால் அவர் தன் வாசிப்பைச் சுருக்கிக்கொள்வார். ‘ரீங்காரம்’ வேண்டாம், மின் இணைப்பில் மண்ணிணைப்பு (எர்த்) சரியில்லாதபோது ஒலிபெருக்கிப் பாக்ஸிலிருந்து வரும் ‘உம்ம்’ என்ற ஓசைக்கு அதை விட்டுவைக்கலாம். பாடநூல்களில் உள்ள ‘எதிர்முழக்கம்’தான் சரி. பேச்சில் ‘முழக்கம்’ போதும். முழக்கத்தைக் குறை, முழக்கம் வேண்டாம் என்று வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது.

முழக்கத்தின் வகைகளுக்கு நேர் மொழிபெயர்ப்பே போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவை உண்மையான பொருள்களின் பெயர்கள். ‘பிளேட்’ என்பது உருவகம் இல்லை. 1957-ல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் கொண்டுவந்த இஎம்டி 140 என்ற கருவிக்குள் ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கியது. குரலால் அந்தத் தகட்டை அதிரவைத்து, அதிர்வைத் திரும்ப எடுத்தார்கள். அதே நிறுவனம் 1976-ல் எண்முறையில் (டிஜிட்டலில்) இயங்கும் இஎம்டி 250-ஐ வெளியிட்டது. இன்று கையடக்கப் பெட்டியில் ‘பிளேட்’ என்று எழுதியிருப்பது அந்தத் தகட்டின் நினைவுதான். ஆகவே அது ‘தகடு’, ‘ஸ்பிரிங்’ சுருள்வில், ‘ரூம்’ அறை, ‘ஹால்’ மண்டபம். கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசியவர்களுக்குக் கடைசிச் சொல் நன்றாகவே புரியும். மண்டபத்துக்குள் பாடும்போது மண்டப முழக்கத்தை மேலும் வைக்காதே என்று இனிப் பையன்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

டபுளிங்குக்கு என் முன்மொழிவு ‘பின்பாட்டு’. கூத்தில் முன்னே நிற்பவர் பாடும் அடியைப் பின்னால் இருப்பவர்கள் அதே சுரத்தில் வாங்கிப் பாடுகிறார்கள். பெட்டியும் அதே சுரத்தை ஒரு சில பத்து மில்லி வினாடிகள் தள்ளிச் சேர்க்கிறது. ஹார்மனிக்கும் பின்பாட்டு என்றே வைக்கலாம் என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. ஹார்மனி வேறு சுரத்தில் வருவது, அதற்குத் ‘துணைக்குரல்’ என்று தனிச்சொல் வேண்டும். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மோகனத்தில் ச ரி க ப த மட்டுமே உண்டு. பெட்டியை ஏழு சுரமும் உள்ள மேஜர் ஸ்கேலில் வைத்து, பாடும் சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவது சுரத்தில் வரும் துணைக்குரலைத் திறந்தால், பாடுபவர் ரி-யில் நிற்கும்போது பெட்டி ம பாடும், ப-வில் நிற்கும்போது நி பாடும். இரண்டும் மோகனத்தில் இல்லாத சுரங்கள். பின்பாட்டைத் திறந்தால் இந்த ஆபத்தே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ராகம் கெடும்.

பிட்ச் கரெக்‌ஷனுக்குச் ‘சுருதி திருத்தம்’, அதாவது பிசகிய சுரத்தைப் பெட்டியே சரியான இடத்துக்கு இழுப்பது. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் குழுவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். சுருதி என்ற சொல் மூன்று மொழியிலும் ஒன்று. கீ என்பதற்குக் ‘கட்டை’ இருக்கவே இருக்கிறது, ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. திருத்தும் வேகத்தை அதிகம் வைத்தால் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) படிக்கட்டாக உடையும் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுத வேண்டும். நம் பாட்டுக்கு அது அடிப்படையான விஷயம், அடிக்குறிப்பில் ஒதுக்கக் கூடாது.

குரல் இல்லாதபோது மைக்கின் ஒலியை அடைத்துவைக்கும் நாய்ஸ் கேட் பற்றி இழையில் நல்ல விவாதம் நடந்தது. ‘இரைச்சல் வாயில்’ என்றால் இரைச்சல் உள்ளே வரும் வழி என்று பொருள்படுகிறது. ‘ஒலிமதகு’ என்று நான் சொன்னதற்கு, மதகை ஆள் திறக்க வேண்டும், நீர்மட்டம் ஏறினால் தானே வழிவது கலிங்கு, ஆகவே ‘ஒலிக்கலிங்கு’தான் பொருத்தம் என்று ஒருவர் எழுதினார். கூர்மையான கேள்வி. ஏரி கோடி போவதைப் பார்த்த யாருக்கும் அது தோன்றும். ஆனால் கலிங்கில் மட்டத்துக்கு மேலே உள்ள உபரி மட்டும் வழியும். நாய்ஸ் கேட் அப்படி இல்லை. குரல் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் முழுக் குரலையும் விடும், மட்டம் தாழ்ந்ததும் மொத்தமாக மூடும். அது மதகின் நடத்தை. திறப்பது ஆளா கருவியா என்பது இரண்டாவது விஷயம், கிருஷ்ணகிரி அணையில் ஷட்டரை மோட்டார் தூக்கினாலும் அது மதகுதான். ‘த்ரெஷோல்டு’க்கு ‘மதகு மட்டம்’ என்று இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மட்டத்தை உயரமாக வைத்தால் சொல்லின் வால் அறுபடும், தாழ்த்தி வைத்தால் முகவீணையும் மத்தளமும் மைக்குக்குள் புகும்.

உரத்த குரலை அடக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரசருக்கு ‘அமுக்கி’, ஏற்கெனவே வழக்கில் இருப்பதுதான். பாக்ஸின் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றிக் கத்தும் ஃபீட்பேக்குக்குப் ‘பின்னூட்டம்’ என்று எழுதுவதை நிறுத்திவிடலாம், அது வாசகர் கருத்து என்ற பொருளில் நிலைபெற்றுவிட்டது. பாக்ஸிலிருந்து வருவதை எல்லோரும் ‘ஊளை’ என்கிறார்கள், அதையே கலைச்சொல்லாக ஏற்போம்.

லேட்டன்சிக்குச் ‘சுணக்கம்’. டிலேக்குத் தாமதம் வேண்டாம் என்றது இதற்காகத்தான். எதிரொலி நாம் விரும்பி வைப்பது, சுணக்கம் எண்முறைக் கருவி கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் நேரம். சுணக்கம், தாமதம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பொருள் தருபவை. இரண்டையும் ஒரே கருவியில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 10 மில்லி வினாடிச் சுணக்கம் என்றால் பாக்ஸிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம், அவ்வளவுதான்.

இனிப் பெட்டியின் பெயர். ‘செயலி’ என்றால் இன்று கைபேசியில் இறக்கிக்கொள்வது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘விளைவு’ எஃபெக்ட் என்ற சொல்லை அப்படியே பெயர்த்தது, குரலால் வந்த விளைவு என்றும் பொருள்படும். ‘குரல்மாற்றி’ ஆள் தெரியாமல் பேசும் கருவிபோல ஒலிக்கிறது. ‘பதனி’ கேட்டால் எங்கள் ஊரில் மாங்கூழ்த் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ‘குரலணி’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பன்மையில் இடறுகிறது, ‘மூன்று அணிகள் திறந்திருக்கின்றன’ என்றால் கபடிப் போட்டியா என்று தோன்றும்.

நான் ‘குரலொப்பனை’ என்று முன்வைக்கிறேன். எஃபெக்ட் என்பது ஒப்பனை, கருவி குரலொப்பனைப் பெட்டி. சுருதிப் பெட்டி, ஆர்மோனியப் பெட்டி என்று இசைக்காரர்கள் ஏற்கெனவே பெட்டி கட்டித்தான் பேசுகிறார்கள். ஒலிபெருக்கியைப் ‘பாக்ஸ்’ என்றே சொல்வதால் அதோடும் மோதாது. கூத்துக் குழுவின் அரிதாரப் பெட்டியோடு குழம்புமே என்றால், முன்னால் ‘குரல்’ இருக்கிறது. ஒப்பனை என்ற சொல்லில் அளவு பற்றிய எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது, ‘ஒப்பனை அதிகமாகிவிட்டது’ என்றால் யாருக்கும் புரியும்.

சொற்கள் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்க்க, பெட்டியைப் பொருத்தும் முறையை இவற்றை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

“மைக்கிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளைக் குரலொப்பனைப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து மிக்ஸருக்கும் கொடுக்கவும். கண்டென்சர் மைக்காக இருந்தால் மட்டும் பெட்டியில் 48 வோல்ட்டைத் திறக்கவும். மிக்ஸரில் சொந்த ஒப்பனை இருந்தால் அணைக்கவும், இல்லாவிட்டால் முழக்கத்தின் மேல் முழக்கம் ஏறும். நடிகர் வழக்கமாகக் கத்தும் உச்சக் குரலில் பேசச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு உள்வரவைத் திறக்கவும். முதலில் எல்லா ஒப்பனைகளையும் மூடி வைத்து, நேர்க்குரலைத் தெளிவாக்கவும். பிறகு மதகு, அமுக்கி, சுருதி திருத்தம், பின்பாட்டு, எதிரொலி, கடைசியாக முழக்கம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் திறக்கவும். அமுக்கி கூடினாலும் முழக்கம் கூடினாலும் ஊளை அருகில் வரும். தலைக்கு மேல் தொங்கும் மைக் என்றால் இரண்டையும் பாதியாக வைக்கவும். பிரசங்கத்துக்கு எதிரொலி வேண்டாம். பாட்டுக்கு வேண்டுமென்றால் கால்விசையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிந்ததும் மூடவும்.”

எனக்கு இது தடையில்லாமல் ஓடுகிறது. ‘ட்ரை’, ‘வெட்’ இரண்டுக்கும் ‘உலர்’, ‘ஈரம்’ என்று எழுதாமலே சமாளிக்க முடிந்ததையும் கவனியுங்கள். ஒப்பனை சேராதது நேர்க்குரல், சேர்ந்தது ஒப்பனைக்குரல், இரண்டின் அளவைச் சொல்லும் குமிழ் ‘கலப்பு’.

விசையைத் தாளத்துக்குத் தட்டிப் பாட்டின் வேகத்தைப் பெட்டிக்குச் சொல்லும் ‘டேப் டெம்போ’வுக்கு மட்டும் எனக்கு மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘தட்டுக்கணிப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், தாளம் தெரிந்தவர்கள் இன்னும் நல்ல சொல் தரலாம். பெட்டியில் முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கும் ‘பிரீசெட்’டுக்கு ‘முன்னமைப்பு’ போதும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் அதை முடித்துவிடலாம். பங்குனியில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் மறுப்புகளை எழுதுங்கள். ஒப்புக்கொண்ட சொற்களைச் சிறு சீட்டுகளில் எழுதி எங்கள் பெட்டியின் குமிழ்களுக்கு மேலே ஒட்டப் போகிறேன். கூத்து நடக்கும் இரவுகளில் எந்தச் சொல் வாயில் நிற்கிறது, எதை விட்டுவிட்டுப் பழையபடி ‘எக்கோ’ என்கிறார்கள் என்று பார்த்து இதே இழையில் எழுதுகிறேன்.