கெர்னல் டிரைவர்: ஃபங்ஷன் பெயரும் இன்டர்ஃபேஸும், எதை முதலில் பேசி முடிப்பது?

ஐந்துரோடு:
ஏற்காட்டில் காப்பி உலர்த்தும் களத்துக்கு ஐ2சி (சிப்களை இரண்டு கம்பியில் இணைக்கும் முறை) ஈரப்பத சென்சார் ஒன்று. லினக்ஸ் டிரைவரை நாலு பேர் எழுதுறோம். கோர் பகுதி சேலத்தில், அலாரம் பகுதி ஏற்காட்டில். இரண்டு பக்கமும் ரீட்_டேட்டா() என்றே பெயர் வைத்திருக்கு, லிங்க் ஆகும்போது எரர். அதைச் சரி பண்ணினாலும், அலாரம் பகுதி கோரைக் கூப்பிட்டதும் டெட்லாக், லாக்குக்காகக் காத்தே நின்றுவிடுது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சேர்வராயன்:
சி மொழியில் நேம்ஸ்பேஸ் கிடையாது. அந்த ஃபைலுக்கு வெளியே யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் எல்லாம் ஸ்டாட்டிக். வெளியே போவதற்கு மட்டும் சிப் பெயரை முன்னொட்டாக வையுங்க. ஐ2சி_, ஸ்பை_ என்று கெர்னலே அப்படித்தான் நடக்குது. நாலு ஃபைலும் ஒரே மாட்யூலாகச் சேருது என்றால் எக்ஸ்போர்ட்_சிம்பல் எதுவும் வேண்டாம்.

‘கெட்’ என்று பெயர் வைத்தால், எடுத்த ரெஃபரன்ஸை (‘பயன்பாட்டில் இருக்கு’ என்ற கணக்கை) விடும் ‘புட்’ எங்கே என்று படிப்பவர் தேடுவார். ரெஃபரன்ஸ் எடுக்காத ஃபங்ஷனுக்கு ‘ரீட்’ போதும். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருள் விவரப் பட்டியல்) ஓஎஃப்_ஃபைண்ட்_ வகை ஃபங்ஷன்கள் ரெஃபரன்ஸை ஏற்றித்தான் நோடைத் தருது, பெயரிலோ அது தெரியாது. ஓஎஃப்_நோட்_புட்() விட்டுப்போய் லீக் ஆவது இன்றைக்கும் ஓயவில்லை.

ரிட்டர்ன் விஷயத்தில் கோடிங் ஸ்டைல் ஆவணமே தெளிவு: செயலைச் சொல்லும் பெயர் என்றால் வெற்றிக்கு 0, தோல்விக்கு மைனஸ் எரர் எண், ஆமா இல்லையா என்று கேட்கும் பெயர் என்றால் பூல். பாயின்டர் தரும் ஃபங்ஷன் என்றால், தோல்விக்கு நல் (NULL) தருவதா, எரர் எண்ணையே பாயின்டராக்கும் எரர்_பிடிஆர் தருவதா, ஒன்றை முடிவு பண்ணுங்க. எரர்_பிடிஆர் வரும் இடத்தில் நல் மட்டும் பார்த்தால், மைனஸ் 12-ஐ முகவரி என்று நம்பித் தொட்டு ஊப்ஸ் (கெர்னல் பிழை) ஆகும்.

கொண்டலாம்பட்டி:
டெட்லாக் பற்றி. கெர்னல் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் லாக்) வைத்திருப்பவரே மறுபடி எடுக்க முடியாது. அலாரம் பகுதி லாக்கைப் பிடித்தபடி கோரைக் கூப்பிடுது, கோரும் அதே லாக்கைக் கேட்குது. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரியுங்க: லாக்கைத் தானே எடுப்பது ஒன்று, கூப்பிடுபவர் எடுத்திருக்க வேண்டியது இன்னொன்று. இரண்டாவதற்கு _லாக்டு பின்னொட்டு. பெயருக்கு முன்னால் இரட்டை அடிக்கோடு போடுவது எனக்குப் பிடிக்காது, அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கு. பெயரை மட்டும் நம்பாமல் முதல் வரியில் லாக்டெப்_அசர்ட்_ஹெல்ட்() போட்டு, சோதனை கெர்னலில் ப்ரூவ்_லாக்கிங்கை ஆன் பண்ணுங்க. தவறாகக் கூப்பிட்டால் அங்கேயே எச்சரிக்கை வரும். ஐ2சி டிரான்ஸ்ஃபர் தூங்கக்கூடியது, அதனால் பிடித்தபடி தூங்கக் கூடாத ஸ்பின்லாக் இங்கே ஆகவே ஆகாது.

ஐந்துரோடு:
நன்றிங்க. ரீட் ஃபங்ஷன் இப்போ முழு சதவீதம் தருது. சதவீதத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகுக்கு மாற்றணும், ஆனால் அலாரம் பகுதி பழையதை நம்பியிருக்கு.

சேர்வராயன்:
மாற்றுவது சரிதான், கெர்னலின் சென்சார் பகுதியான ஹெச்டபிள்யூமான் இன்டர்ஃபேஸே மில்லி சதவீதம்தான் கேட்குது, 65% என்றால் 65000. ஆனால் பழைய பெயரிலேயே மாற்றாதீங்க. இரண்டுமே இன்ட், கம்பைலர் வாயே திறக்காது. 80-ஐத் தாண்டினால் அடிக்க வேண்டிய அலாரம் எப்போதும் அடிக்கும். அர்த்தம் மாறினால் பெயரும் மாறணும், அப்போதுதான் விட்டுப்போன இடம் பில்டிலேயே உடையும்.

வரிசை இப்படி: ஹெடரில் _மில்லி என்று புதியதைச் சேர்க்கும் பேட்ச், கூப்பிடுபவர்களை நகர்த்தும் பேட்ச், கடைசியாகப் பழையதை நீக்கும் பேட்ச். ஒவ்வொன்றும் தனியாக பில்ட் ஆகணும், இல்லாவிட்டால் பிழை நுழைந்த பேட்சைத் தேடும் கிட் பைசெக்ட் பாதியில் நின்றுவிடும். ஐ2சி ப்ரோப் (டிவைஸ் கிடைத்ததும் கெர்னல் கூப்பிடும் டிரைவர் ஃபங்ஷன்) மாறியதும் இதே வழியில்தான்: கெர்னல் 4.10-ல் ப்ரோப்_நியூ தற்காலிகமாக வந்தது, டிரைவர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, ப்ரோப்பின் வடிவம் மாறியது 6.3-ல்.

கொண்டலாம்பட்டி:
இந்தச் சுதந்திரம் கெர்னலுக்கு உள்ளே மட்டும். சிஸ்ஃப்எஸ் (டிரைவர் மதிப்புகளை ஃபைலாகக் காட்டும் இடம்) ஃபைல் பெயரும் அலகும் யூசர் ஸ்பேஸ், அதாவது சாதாரண புரோகிராம்கள், கைக்குப் போனபின் மாற்ற விடமாட்டாங்க. ஹெச்டபிள்யூமானில் ஏற்கெனவே இருக்கும் ஹ்யூமிடிட்டி1_இன்புட் பெயரையே எடுத்துக்கொள்ளுங்க.