கார்கிலில் வீழ்ந்த எம்ஐ-17: முகிலனை நமக்கு ஏன் தெரியவில்லை?

கொள்ளிடக்கரை:
கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 வந்தால், அந்தப் போரில் உயிர்நீத்த மேஜர் சரவணனை நம் பக்கம் எல்லோரும் நினைக்கிறோம், திருச்சியில் அவருக்கு நினைவிடமும் இருக்கிறது. நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே போரில், 1999 மே 28 அன்று, திராஸ் பக்கத்து டோலோலிங் மலையில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்ஐ-17 ஹெலிகாப்டரில் இருந்த விமானப்படை அதிகாரி ஃப்ளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன் பெயரைச் சொன்னால் ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. இந்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிப் பேசப்போகிறேன். வீரம், தியாகம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்க மனசில்லை. அன்றைக்கு என்னதான் நடந்தது?

சுழல்காற்று:
சர்சாவா தளத்தைச் சேர்ந்த 152-வது ஹெலிகாப்டர் பிரிவு அவருடையது. அன்றைக்குத் தாக்கப் போன ஹெலிகாப்டர் அணிக்கு 'நுப்ரா' என்று பெயர். டோலோலிங் முகட்டில் பதுங்கியிருந்த பாகிஸ்தான் ஊடுருவல்காரர்கள் மேல் ராக்கெட் வீசிவிட்டுத் திரும்புகிற நேரத்தில் ஸ்டிங்கர் ஏவுகணை தாக்கியது. தோளில் வைத்துச் சுடுவது, எஞ்சின் சூட்டைத் தேடி வரும். அதைத் திசைதிருப்ப ஹெலிகாப்டரிலிருந்து எரியும் ஃப்ளேர்களை விடுவார்கள், ஆனால் விழுந்த ஹெலிகாப்டரில் அந்த வசதி இல்லை. பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள் சார்.

வேப்பமரத்தடி:
எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. எம்ஐ-17 அடிப்படையில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்கிற வண்டி, அதில் ராக்கெட்டைப் பூட்டி, காற்று மெலிந்து ஹெலிகாப்டரே திணறுகிற உயரத்தில், மேலே இருப்பவன் கையில் ஏவுகணை இருக்கும்போது அனுப்பினார்கள். அதுவும் முந்தைய நாள், 27-ஆம் தேதிதான் இரண்டு போர் விமானங்களை இழந்திருந்தோம், ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா இறந்தார், இன்னொரு விமானி நசிகேதா பிடிபட்டார். 28-க்குப் பிறகு எம்ஐ-17-ஐத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். நான்கு உயிர் போன பிறகு எடுத்த முடிவு.

சுழல்காற்று:
கோபம் நியாயம். ஆனால் ஒன்று, கீழே சரிவில் மறைப்பே இல்லாமல் காலாட்படை கிடந்தது, முகட்டிலிருந்து ஸ்ரீநகர்–லே சாலை மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது, உடனே ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடி. ஆபத்து தெரிந்துதான் அவர்கள் கிளம்பினார்கள். டோலோலிங்கை நம் படை மீட்டது ஜூன் 13-இல்.

கொள்ளிடக்கரை:
ரொம்ப நன்றி. மற்ற மூவர் யார்?

மலையடிவாரம்:
ஸ்குவாட்ரன் லீடர் ஆர். புந்திர், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு. நால்வருக்குமே மறைவுக்குப் பின் விமானப்படையினருக்கான வாயு சேனா பதக்கம் கொடுத்தார்கள். முகிலனைத் தமிழ்ப் பெயர் என்பதால் நாம் தேடுகிறோம், அதில் தப்பில்லை, ஆனால் வகுப்பில் நால்வரையும் சேர்த்தே சொல்லுங்கள். சார்ஜென்ட்களை எந்த மேடையிலும் யாரும் சொல்வதே இல்லை. அப்புறம், திராஸில் இருக்கும் கார்கில் போர் நினைவிடம் டோலோலிங் அடிவாரத்தில்தான் இருக்கிறது. வகுப்பில் வரைபடம் காட்டுவதாக இருந்தால் திராஸிலிருந்து ஆரம்பியுங்கள். சாலை எவ்வளவு பக்கம், முகடு எவ்வளவு உயரம் என்று பார்த்தாலே ஏன் போனார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.